கத்திரி வெயிலில் மாடித்தோட்டம்

கடற்காற்று மெரினாவுக்கு நண்பகல் வாக்கில் வந்துவிடும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் நேரமாகும். சில நாள் வராமலே போகும். 40 டிகிரி கொளுத்தும் அந்த நாள்களில் செடி வாடினால் உடனே குடம் குடமாக ஊற்றுகிறோம். தளத்துச் சூடும் போர் தண்ணீரின் உப்பும்தான் பல மாடிகளில் நிஜ எதிரி.

1. தொட்டி, குரோ பேக் எதையும் வெறும் தளத்தில் வைக்காதீர்கள். செங்கல்லோ ஸ்டாண்டோ கொடுத்துத் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓடினால் வேர் வேகாது. தளத்தில் ஈரமும் தங்காது. மேற்கு வெயில் அறையும் கறுப்புத் தொட்டிகளுக்குச் சாக்கு சுற்றலாம்.

2. காலை 7 மணிக்குள் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மாலையில் ஓஸ் பைப்பிலிருந்து முதலில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

3. ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீர் செடிக்கு ஆகாது. அதில் உப்பு அதிகம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பில்லை, தாராளமாக ஊற்றலாம். அரிசி களைந்த நீரும் நல்லது. மண்மேல் வெள்ளையாகப் பூக்கும் உப்பைச் சுரண்டி எறியுங்கள். மிச்சத்தை ஐப்பசி மழை கழுவிவிடும். அப்போது தொட்டிகளை ஓரங்கட்டாமல் நனையவிடுங்கள்.

4. மண்ணை 2 அங்குலத்துக்குக் காய்ந்த இலை, தேங்காய் நாரால் மூடுங்கள்.

5. கீரைக்கும் நாற்றுக்கும் 50 சதவீத நிழல்வலை போதும். மல்லிகைக்கு வலையே வேண்டாம். வெயில்தான் அதற்குப் பருவம். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.

6. தக்காளிப் பூ கொட்டுகிறதே என்று உரத்தைக் கொட்டாதீர்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் பிஞ்சு பிடிப்பது கஷ்டம். வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இந்த வெயிலைத் தாங்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆசையெல்லாம் மார்கழிக்கு.

7. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பினால், 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சிவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

8. அக்னி நட்சத்திரம் முடியும்வரை தொட்டி மாற்றுவதும் நர்சரிச் செடி வாங்குவதும் வேண்டாம். ஆனியில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து வைத்துவிட்டு, ஆடிப்பட்டத்தில் விதையுங்கள்.