டீசல் வாகனத்தில் டர்போக் காற்றழுத்தம் குறைதலும் அதனைத் திருத்தலும்

நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளில் விளையும் கோவா, லீக்ஸ், கரட் முதலிய மரக்கறிகள் இரவோடிரவாக லொறியிலும் வானிலும் ஏற்றப்பட்டு, விடியுமுன் பேலியகொடை மனிங் சந்தையை அடைதல் வேண்டும். நெடுங்காலம் புறக்கோட்டையில் இருந்த அச்சந்தைக்குப் பேலியகொடையில் 2020 ஆம் ஆண்டின் இறுதியில் புதிய கட்டடத்தொகுதி திறக்கப்பட்டது. சுமை இறக்கிய வாகனம் பழுதுற்றிருந்தால், களனி ஆற்றைக் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கராஜ்களுக்குக் கொண்டுவரப்படுவதுண்டு. உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையும் அண்மையிலேயே உள்ளது. ஏற்றத்தில் வாகனம் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகின்றது என்றவுடன், "டர்போ போய்விட்டது" என்று சொந்தக்காரர் தாமே முடிவு செய்து, பஞ்சிகாவத்தையில் பழைய டர்போ ஒன்றை வாங்கிவிடுகின்றார். ஒரு போகத்து ஆதாயத்தை விழுங்கத்தக்க இச்செலவு பல வேளைகளில் வேண்டாத செலவாகும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 ஆம் ஆண்டிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. ஆதலால் வயது முதிர்ந்த வாகனங்கள் பல இன்றும் சுமை இழுக்கின்றன. அவற்றில் தோன்றும் இக்குறைபாட்டைக் கமக்காரர் ஓரளவு தாமே அறிந்திருத்தல் நன்று.

டர்போ செய்யும் வேலை

ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ பதினாலரைக் கிலோ காற்று வேண்டும். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. இம்முறைக்குச் சுவிற்சர்லாந்து நாட்டு எந்திரி அல்பிரட் பூசி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1978 ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.டி. என்னும் டீசல் காரில் இது பொருத்தப்பட்டது. அச்சு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுழலும். அதனைத் தாங்குவது மெல்லிய ஒயிற்படலம் ஒன்றே.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பிலும் பார்க்க ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவு. எனவே கொழும்பில் வெளித்தெரியாத சிறு ஒழுக்கும் மலைப்பாதையில் பெருங்குறையாகத் தோன்றும்.

குறைபாட்டைக் கண்டறிதல்

முதலில் புகையைப் பார்த்தல் வேண்டும். கரும்புகையானது டீசலுக்கேற்ற காற்று இல்லை என்பதையும், நீலப்புகை ஒயில் எரிகின்றது என்பதையும் காட்டும். கணனியால் கட்டுப்படுத்தப்படும் எஞ்சின்களில் கணனியே டீசலைக் குறைத்துவிடுவதால், புகையின்றி வலு மட்டும் குறைவதும் உண்டு. சில வேளைகளில் வாகனம் ஒரு வேகத்துக்கு மேல் செல்ல மறுக்கும். நிறுத்தி மீண்டும் இயக்கினால் சீராகும். இது கணனி தற்காப்புக்காகச் செய்வது. அழுத்தம் குறைந்தாலும் கூடினாலும் இவ்வாறு நேரலாம்.

அடுத்துக் காற்று வடிகட்டி. வயற்பாதைத் தூசியிலும் சூடடிக்கும் களத்திலும் நின்ற வாகனமாயின் ஐயத்துக்கிடமின்றி இதனையே முதலிற் கழற்றுக. சில நெல் அறுவடை இயந்திரங்களிலும் டர்போ உண்டு. அவற்றுக்கும் இது பொருந்தும்.

வடிகட்டி சுத்தமாயின், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் தடித்த ரப்பர்க் குழாய்களைப் பொறுமையுடன் சோதித்தல் வேண்டும். குற்றம் பெரும்பாலும் இங்கேயே ஒளிந்திருக்கும். காற்றுடன் கலந்துவரும் ஒயிலாவி நாளடைவில் ரப்பரை மென்மையாக்குகின்றது. கிளிப் இறுக்கிய இடத்திலோ குழாயின் அடிப்பக்கத்திலோ அது வெடிக்கின்றது. எஞ்சின் நின்றிருக்கையில் வெடிப்பு மூடிக்கொள்ளும். அழுத்தம் ஏறும்போதே திறக்கும். அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் குழாய் நன்றாயிருக்கிறதென்று விட்டுவிடுவர். ஒயில் கசிந்து தூசி அப்பிய இடமே சிறந்த அடையாளம். எஞ்சினை நிறுத்தி, டர்போவின் காற்று வாயை அடைத்து, சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவில் காற்றேற்றிச் சவர்க்கார நீரைத் தடவினால், நுரை எழும் இடம் வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். வாய்க்கால் வரம்பு உடைந்திருக்க, நீரிறைக்கும் இயந்திரத்தை மாற்றுவதால் வயலுக்கு நீர் வராது.

பின்னர் விரல் பருமனும் இல்லாத வெற்றிடக் குழாய்களைக் கவனிக்க. வெற்றிடத்தால் இயங்கும் வகையில், எஞ்சினை இயக்கியதும் டர்போவின் பக்கத்துக் கோல் அசைந்து, நிறுத்தியதும் பழைய நிலைக்கு மீளும். அசையாவிடின் குழாய் வெடித்திருக்கலாம். அல்லது உள்ளேயுள்ள இதழ்கள் புகைக்கரியால் இறுகியிருக்கலாம். இறுகியதைக் கழற்றிச் சுத்தஞ் செய்தல் பழகிய கையின் வேலை. அழுத்தத்தால் மட்டும் இயங்கும் பழைய வகையில் கோல் இவ்வாறு அசையாது.

இவை யாவும் சரியாயின் மட்டுமே டர்போவைக் குற்றஞ் சாட்டலாம். எஞ்சின் ஆறியபின் அச்சை விரலால் அசைத்துப் பார்க்க. பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இயல்பானதே. முன்பின்னாக ஆடினாலும், இதழ் உறையில் உராய்ந்த தடம் இருந்தாலும் அது பழுதுற்றது.

புதிய டர்போ பூட்டும்போது

பழையது ஏன் கெட்டது என்பதை அறியாமல் புதியதைப் பூட்டலாகாது. ஒயில் வரும் மெல்லிய குழாயில் கரி அடைத்திருந்தால் புதிய டர்போவும் விரைவில் அழியும். ஆகவே அக்குழாயை மாற்றி, ஒயிலையும் அதன் வடிகட்டியையும் புதிதாக்குதல் வேண்டும். ஒயில் திரும்பும் குழாய் மடிப்பின்றிக் கீழ்நோக்கிச் சரிந்திருத்தல் அவசியம். பூட்டியபின் ஒயில் வாயில் சிறிது ஒயிலை ஊற்றுக. டீசலைத் தடுத்து, எஞ்சின் பற்றாதவாறு சில விநாடிகள் சுழற்றிய பின்னரே இயக்குக.

நீலப்புகை மிகுந்த வாகனத்தை ஓட்டலாகாது. டர்போவிலிருந்து வழியும் ஒயிலையே எரிபொருளாகக் கொண்டு எஞ்சின் தானாக வேகமெடுத்தால், சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. ஓடும் வாகனமாயின் உயர்ந்த கியரில் இட்டு, பிரேக்கை முழுப்பலத்துடன் மிதித்துக் கிளச்சை விடுக. நிற்கும் வாகனமாயின் காற்று வாயைத் தடித்த பலகையால் மூடுக. கையையோ துணியையோ அதனருகே கொண்டுசெல்லலாகாது.

மலையேறி வந்த வாகனத்தை உடனே நிறுத்தாது, ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. உடனே நிறுத்தினால், சூடேறிய டர்போவினுள் தேங்கிய ஒயில் கருகிக் கரியாகும்.