மடையும் செயலியும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் இராசசிங்கமங்கலம் என்னும் பழைய ஊர் ஒன்று உண்டு. பாண்டிய மன்னன் பெயரைத் தாங்கிய அவ்வூரை இக்காலத்தார் ஆர்.எஸ்.மங்கலம் என்று சுருக்கி வழங்குவர். அவ்வூர்க் கண்மாய் தமிழ்நாட்டின் பெருங்கண்மாய்களுள் ஒன்று. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் அதனைப் பாராட்டுவர். கரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நாரையும் இளைப்பாறாமல் பறந்து செல்ல இயலாது என்பது அதன் கருத்து. நாற்பத்தெட்டு மடைகளைத் தாங்கும் கரை எனின், அதன் நீளத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

அவ்வூரில் மேல்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவன் ஒருவன், கணினி விளையாட்டுகளுக்கு ஏற்ற கணினி ஒன்றைத் தானே உறுப்புகள் வாங்கிப் பூட்டிக்கொள்ள விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். மிளகாய் விற்று வந்த பணத்தில் 60,000 ரூபாயை அவன் தந்தை அதற்கென எடுத்து வைத்திருக்கிறார். இன்னொரு முறை அவ்வளவு தொகையை ஒதுக்குவது அவருக்கு எளிதன்று. மகன் கல்லூரிப் படிப்பை முடிக்கும் வரை பாடத்துக்கும் அக்கணினியே பயன்பட வேண்டும். உறவினர் ஒருவர், "தம்பி, கோர் எத்தனை கூடுதலோ அத்தனை நல்லது, பாதிப் பணத்தைப் பிராசசரிலேயே போட்டுவிடு" என்கிறார். அவர் சொற்படி நடந்தால் அப்பணம் பயன் தருமா? இவ்வினாவுக்கு விடை காண, செயலி செய்யும் வேலையை முதலில் அறிதல் வேண்டும்.

கணினியின் வேலைகளைக் கணக்கிட்டு நடத்தும் சில்லே செயலி; வணிகர் அதனைப் 'பிராசசர்' என்பர். 1971-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்றைய செயலிகளிலோ அவை பல நூறு கோடி. நெடுங்காலம் ஒரு செயலிக்குள் கணக்கிடும் பகுதி ஒன்றே இருந்தது. அதன் துடிப்பு வேகத்தை ஆண்டுதோறும் உயர்த்தி வந்தனர். வேகம் ஏற ஏற வெப்பமும் ஏறியது. ஒரு நிலைக்குமேல் அவ்வெப்பத்தைத் தணிக்க வழியில்லாமற் போகவே, ஒரே சில்லில் கணக்கிடும் பகுதிகளைப் பெருக்கலாயினர். 2005-ஆம் ஆண்டில் இரண்டு பகுதிகள் கொண்ட செயலிகள் மேசைக்கணினிக்கு வந்தன. அப்பகுதி ஒவ்வொன்றையும் 'கோர்' என்பர். கண்மாய்க்கு மடை எப்படியோ, செயலிக்குக் கோர் அப்படி என்று கொள்ளலாம்.

மடை மிகுதியானால் நீர் மிகுதியாகப் பாயும் என்பது உண்மைதான். ஆயினும் மடைக்கு அப்பால் வாய்க்கால் குறுகியிருந்தால் என்ன ஆகும்? பத்து மடையைத் திறந்தாலும், அந்த வாய்க்கால் கொள்ளும் நீரே வயலுக்குச் சேரும். விளையாட்டு நிரல்களிலும் இத்தகைய குறுகிய வாய்க்கால் உண்டு.

திரையில் ஓடுவதுபோல் தோன்றும் விளையாட்டு, உண்மையில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படங்களே. ஒரு நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி, 144 படங்கள் வேண்டுமாயின் 6.9 மில்லிநொடி. இச்சிறு நேரத்துக்குள், விளையாடுபவன் எந்த விசையை அழுத்தினான், எதிரி எங்கே நகர்ந்தான், எறிந்த பந்து எச்சுவரில் மோதியது என்பனவற்றையெல்லாம் செயலி கணக்கிட்டாக வேண்டும். இவற்றுள் சில வேலைகளைப் பல கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். வேறு சில, ஒன்று முடிந்தபின்னரே மற்றொன்று தொடங்கும் இயல்பின. பந்து எங்கே மோதியது என்று அறியாமல், அது எப்பக்கம் தெறித்தது என்று கணக்கிட முடியாதன்றோ?

ஒரு படத்துக்குரிய வேலையை ஒரே கோர் செய்து முடிக்க 10 மில்லிநொடி ஆகிறது என்று கொள்வோம். அதில் 4 மில்லிநொடி வேலை வரிசையாகவே நடக்க வேண்டியது. எஞ்சிய 6 மில்லிநொடி வேலை பங்கிடத்தக்கது. ஆறு கோர்கள் இருந்தால், பங்கிட்ட வேலை 1 மில்லிநொடியில் முடியும், மொத்தம் 5. பன்னிரண்டு கோர்களாக்கினால் அது அரை மில்லிநொடியாகும்; மொத்தம் நாலரை. கோர்களை இருமடங்காக்கியும் அரை மில்லிநொடிதான் மிச்சம்! நாற்பத்தெட்டு மடையையும் திறந்தாலும் அந்த 4 மில்லிநொடிக்குக் கீழே இறங்க இயலாது. 1967-ஆம் ஆண்டில் ஜீன் அம்தால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் இக்கருத்தை எடுத்துரைத்தார். அது அவர் பெயராலேயே அம்தால் விதி என வழங்குகிறது. படத்தொகுப்பு போன்ற பணிகளில் பங்கிடத்தக்க வேலை மிகுதி. அங்கே பதினாறு கோர்களும் ஊதியம் தரும். விளையாட்டில் அத்தனை ஊதியம் இல்லை.

இதனோடு முடிந்ததா எனின், இல்லை. செயலி கணக்கிட்டுக் கொடுத்ததைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு என்னும் வரைகலை அட்டை. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு படத்துக்கும் அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் காண்பது அவ்வட்டையின் வேலை. செயலி ஒரு படத்தை 5 மில்லிநொடியில் முடிக்க, அட்டைக்கு 12 மில்லிநொடி ஆகிறது என்று கொள்வோம். நொடிக்கு வரும் படங்கள் ஏறத்தாழ 83 மட்டுமே. செயலியை மாற்றி 5-ஐ நாலரை ஆக்கினால் ஒரு படமும் கூடாது. செயலி வேலையை முன்னரே முடித்துவிட்டு அட்டைக்காகக் காத்திருக்கும். உறவினர் சொன்னபடி பாதிப் பணத்தைச் செயலியில் இட்டவன், அது சும்மா இருப்பதற்கே விலை கொடுத்தவன் ஆவான்.

இவ்விரண்டனுள் எது தடை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நண்பன் வீட்டுக் கணினியிலும் இதனைச் செய்து பார்க்கலாம். விளையாட்டின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, திரைப் புள்ளிகளின் அளவைக் குறைக்க வேண்டும். உடனே படங்களின் எண்ணிக்கை உயர்ந்தால், தடையாக இருந்தது அட்டை. எண்ணிக்கை உயராமல் அப்படியே நின்றால், தடை செயலியிடம் உள்ளது. புள்ளிகள் குறைந்தாலும் செயலியின் வேலை குறைவதில்லை ஆதலின்.

செயலியின் வேகத்தை அறிய விளம்பரங்களில் காணும் 'கிகாஹெர்ட்ஸ்' எண்ணை மட்டும் நம்பலாமா? ஏ.எம்.டி. நிறுவனத்தின் இரு செயலிகளை ஒப்பிட்டுக் காண்போம். 2020-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ் எட்டுக் கோர் உடையது. உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்பதற்கும் அதே எட்டுக் கோர். உச்ச வேகமோ 4.5 தான். எண்ணைப் பார்த்தால் பின்னது தாழ்ந்தது. ஆனால் விளையாட்டுகள் பலவற்றில் பின்னதே முந்தியது. காரணம், முன்னதில் 32 மெகாபைட்டாக இருந்த கேஷ் நினைவகம் பின்னதில் 96 மெகாபைட் ஆக்கப்பட்டிருந்தது.

கேஷ் என்பது யாது? இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. முற்றத்துக் குடத்தில் தண்ணீர் இருந்தால் அக்கணமே மொண்டு கொள்ளலாம். குடம் வற்றினால் ஊருணிக்குச் செல்ல வேண்டும். ஊருணியும் வற்றினால், தொலைவிலுள்ள கண்மாய்க்கு நடக்க வேண்டும். செயலிக்குள்ளேயே இருக்கும் கேஷ் குடமும் ஊருணியும் போன்றது. வெளியே தனியாக உள்ள 'ராம்' என்னும் முதன்மை நினைவகம் கண்மாய் போன்றது. வேண்டிய செய்தி கேஷில் இல்லாமல் ராமுக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 70 நானோநொடி ஆகிறது என்றால், 4.5 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 300 துடிப்புக்கு மேல் வீணாகும். விளையாட்டு நிரல்களோ இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செய்திகளை ஓயாது கேட்பவை. ஆகவே ஊருணி பெரிதானால் நடை குறைகிறது. எனினும் அத்தகைய செயலியின் விலை, நம் மாணவனின் தொகைக்கு மிக அதிகம். வேறு ஒன்றை வாங்கும்போதும் கேஷின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு இருந்தால் போதும்.

பெயர்களில் மயங்குதலும் கூடாது. பழைய அலுவலகக் கணினிகளைத் துடைத்து, 'ஐ7 கேமிங் கணினி' என்று விற்பார் உளர். ஐ7-2600 என்பது 2011-ஆம் ஆண்டுச் செயலி. நான்கு கோர் உடையது. 2022-இல் வந்த ஐ3-12100 என்பதும் நான்கு கோர் உடையதே. பெயரில் சிறியதாயினும் வேகத்தில் அதனை எளிதில் வெல்லும். மேலும், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது; விண்டோஸ் 11 அப்பழைய செயலிகளை ஏற்பதில்லை. பெயரின் ஈற்றெழுத்தும் பொருள் உடையது. இன்டெல் செயலியில் 'எஃப்' என்று முடிந்தால், படம் காட்டும் திறன் அதற்குள் இல்லை; தனி அட்டை இன்றித் திரை இருண்டே கிடக்கும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி போன்ற 'ஜி' வகையில் அத்திறன் உள்ளே அமைந்துள்ளது. அட்டை வாங்கச் சில மாதம் பொறுக்க வேண்டியவன் அதனை எண்ணிப் பார்க்கலாம். கேஷ் அதில் 16 மெகாபைட் மட்டுமே என்பதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

நம் நாட்டில் செயலி செய்வார் இல்லையோ என்று சிலர் கேட்கக்கூடும். சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் பெயரால் செயலிகளை வடிவமைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று 2018-இல் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தில் வார்த்தெடுக்கப்பட்டது. ஆனால் அவை வேறு பணிகளுக்கு உரியவை. சக்தி புரிந்துகொள்ளும் கட்டளைமொழி 'ரிஸ்க்-ஐந்து'. கடையில் கிடைக்கும் கணினி விளையாட்டுகளோ இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளின் 'எக்ஸ்86' கட்டளைமொழிக்கே எழுதப்படுகின்றன.

கடலை ஒட்டிய இச்சீமையில் வெப்பத்தையும் கருத வேண்டும். குளிர்சாதனம் இல்லாத அறையில் சித்திரை மாத நண்பகல் எத்தகையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செயலியின் சூடு அதற்கென வகுத்த எல்லையை எட்டினால், தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ரைசன் 5 5600 என்னும் செயலிக்கு அவ்வெல்லை 90 பாகை. 65 வாட் அளவுள்ள இத்தகைய செயலியைப் பெட்டியோடு வரும் விசிறியே காத்துவிடும். 170 வாட் செயலிக்குப் பெரிய குளிர்விப்பான் வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். விலை மிக்கவை என்றும் பழுதறியாதவை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளுள் உயர்நிலையின பல நிலைகுலைந்து நின்றன. செயலி தேவைக்கு மிகுந்த மின்னழுத்தத்தைப் பெற்றதே காரணம் என்று 2024-இல் அந்நிறுவனமே அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, காப்புறுதிக் காலத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

இனி, அம்மாணவன் எதனை வாங்கலாம்? ஆறு கோர் உடைய ரைசன் 5 5600, அல்லது இன்டெல் கோர் ஐ5-12400எஃப், இவ்விரண்டில் ஒன்று அவனுக்குப் போதும் என்பது என் கருத்து. மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு அளவைச் செயலிக்கும், ஐந்தில் இரண்டு பங்கு அளவை அட்டைக்கும் வைக்கலாம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆதலின் இராமநாதபுரத்திலோ மதுரையிலோ கேட்ட விலையைச் சென்னை ரிச்சி தெரு விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குதல் நலம். பின்னாளில் செயலியை மட்டும் மாற்றும் எண்ணம் உண்டாயின், தாய்ப்பலகையில் அது பொருந்தும் 'சாக்கெட்' எதுவென்று இன்றே பார்க்க வேண்டும். 2017-இல் விற்பனைக்கு வந்த ஏ.எம்.4 பலகைகள் பல, நிரல் திருத்தத்துக்குப் பின் 2022-ஆம் ஆண்டுச் செயலிகளையும் ஏற்றன. 2022-இல் தோன்றிய ஏ.எம்.5 பலகை சற்று விலை கூடியது. ஆனால் இனி வரும் செயலிகளுக்கு இடம் தருவது அதுவே. தந்தையிடம் இன்னும் சில ஆயிரம் கேட்க இயலுமா என்பதை அம்மாணவனே அறிவான்.

செயலியைப் பொருத்தும்போது அவசரம் ஆகாது. அதன் ஒரு மூலையில் சிறிய முக்கோணக் குறி இருக்கும். சாக்கெட்டிலும் அவ்வாறே ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே மூலையில் நிற்குமாறு மெல்ல வைத்தால், ரைசன் 5 5600 தன் எடையாலேயே அமர்ந்துவிடும். அதனை விரலால் அழுத்துதல் கூடாது. அடியிலுள்ள ஊசிகள் நூலினும் மெல்லியவை.