தோளை இறக்கி வை

தேன்கனிக்கோட்டை

அன்புள்ள வளர்மதிக்கு,

அத்தை எழுதுவது. கழுத்துவலி மூன்று மாதம் தாண்டியும் விடவில்லை, மாத்திரைக்கு மட்டும் அடங்குகிறது என்று அண்ணி சொன்னார். போன ஞாயிறு நீ அவரைக்காய் உரித்தபோது பார்த்தேன். சும்மா உட்கார்ந்து உரிக்கும்போதும் உன் வலது தோள் காதை நோக்கி ஏறியே இருந்தது. உனக்கு அது தெரியவே இல்லை. கம்பெனி அசெம்பிளி லைனில் குனிந்து ஸ்க்ரூ மாட்டும் இறுக்கம் வீட்டிலும் இறங்கவில்லை.

சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-லேயே இதற்கு ஒரு புத்தகம் எழுதினார். இறுகியிருப்பது தெரியாத தசையைத் தளர்த்த முடியாது. அதனால் முதலில் வேண்டுமென்றே இறுக்கிப் பார்க்கச் சொன்னார்.

படுக்கும் முன் பாயில் மல்லாந்து படு. தலைக்கு மடித்த துண்டு, முழங்காலுக்கு அடியில் தலையணை. இரண்டு தோளையும் காதுவரை தூக்கி ஐந்து எண்ணு. பாதி பலம் போதும், வலித்தால் குறைத்துக்கொள். மூச்சை விட்டபடி தோளை விடு. பிறகு இருபது எண்ணும்வரை ஒன்றும் செய்யாமல், தோள் பாயில் படிவதைக் கவனி. எல்லோரும் அவசரப்படுவது இங்கேதான். நீ அவசரப்படாதே. அப்புறம் இதேபோல முஷ்டி, நெற்றி, தாடை.

இது ஒன்றே வலியைத் தீர்க்கும் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். பின்லாந்தில் 393 அலுவலகப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு, அதே நாட்டில், 180 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், ஒரு வருடம் கழுத்துக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தது. பின் தளர்வு எதற்கு? தோள் ஏறுவது உனக்கே தெரிவதற்கு. தெரிந்தால் லைனிலேயே இறக்கிக்கொள்ளலாம், கம்பெனி பஸ் மத்திகிரி தாண்டும்போதும் இறக்கலாம்.

வலுவூட்டும் பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள். சம்பளத்தில் பிடிக்கிறார்களே இ.எஸ்.ஐ., அந்தக் கார்டு அதற்குத்தான். யாரிடமும் சொடக்கு எடுக்கக் கழுத்தைக் கொடுக்காதே. கை மரத்தாலோ, ஸ்க்ரூடிரைவர் பிடி நழுவினாலோ, நடை தடுமாறினாலோ அன்றே டாக்டரைப் பார்.

மார்கழியில் முதல் ஷிஃப்டுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு போ. குளிரில் குறுகிய தோளோடு லைனில் உட்காராதே. ஸ்டூலை உன் உயரத்துக்கு மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் பக்கத்து சீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொள், அவளுக்கும் வலிக்கும். என்ன சொன்னார் என்று ராத்திரி போன் பண்ணு.

அன்புடன்,
அத்தை