வாடகை புளோக்கில் சமூகப் பணிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சிங்கப்பூரின் வாடகை புளோக்குகளில் வீடு வீடாக ஏறி இறங்கப் போகிறீர்கள். "பக்கத்து வீட்டு அங்கிள் தொல்லை தாங்கலை" என்ற புகாரில்தான் பெரும்பாலும் உங்கள் வேலை தொடங்கும்.

1. புகாருக்கு ஆளானவருடைய வீடு கைவிட்டுப் போகாமல் காப்பதே முதல் வேலை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வாடகை வீட்டுக்கு வருபவருக்குப் போக்கிடம் வேறில்லை. வாடகைப் பாக்கி இருக்கிறதா என்று அன்றே கேளுங்கள். வீடு போனால் மருந்து, மருத்துவச் சந்திப்பு, உதவித்தொகைக் கடிதம் எல்லாமே கூடப் போய்விடும்.

2. திட்டினால் திரும்பி வாருங்கள். மறுவாரம் அதே நாள், அதே நேரம் போங்கள். இரும்புக் கதவுக்கு வெளியே நின்றே பேசுங்கள்.

3. சாமான் குவிப்பவர் வீட்டில் பொறுமை வேண்டும். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தீப் பாதுகாப்பு விதி அது, அதில் விட்டுக்கொடுக்க முடியாது. வீட்டுக்குள்ளே அவசரம் கூடாது. அவர் இல்லாத நேரத்தில் லாரி வைத்து அள்ளினால் வீடு மறுபடி நிறையும். உங்களுக்குக் கதவு மட்டும் திறக்காது. படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும் அடுப்படியிலிருந்து வாசலுக்கும் முதலில் வழி எடுங்கள். ஒவ்வொரு பையையும் அவர் கையாலேயே பிரிக்கட்டும். ஒரே பைக்கு ஒரு மதியம் போகும், போகட்டும். பழைய நாளிதழ்க் கட்டுக்குள் இறந்துபோன மனைவியின் மருத்துவ அட்டை இருக்கலாம்.

4. ஒற்றையர் இருவர் சேர்ந்து வசிக்கும் ஓரறை வீட்டில் தனிப் படுக்கையறை கிடையாது. ஒருவர் விடிய விடிய டிவி பார்ப்பார். மற்றவர் அதிகாலையில் துப்புரவு வேலைக்குப் போக வேண்டும். அங்கே மூளும் சண்டையைக் குணக்கேடு என்று கோப்பில் எழுதாதீர்கள். 2021இல் முன்னோடியாகத் தொடங்கிய திட்டத்தில் சமூக அமைப்புகளே ஒத்துப்போகும் இருவரைச் சேர்த்துவைக்கின்றன. அங்கே இடம் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

5. "மேல்வீட்டில் கோலிக்குண்டு உருட்டி என்னைத் துரத்தப் பார்க்கிறார்கள்" என்றால் மறுக்கவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம். எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று கேளுங்கள். மனநலக் கழகத்தின் உதவித் தொலைபேசி 24 மணி நேரமும் உண்டு. கையில் கத்தி இருந்தால் பேச்சுக் கொடுக்காமல் விலகிப் போலீசை அழையுங்கள்.

6. மூட்டைப்பூச்சி இருக்கும். கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள், முகம் சுளிக்காதீர்கள்.

7. புகார் கொடுத்தவரையும் போய்ப் பாருங்கள். அவரும் தூங்காமல்தான் வேலைக்குப் போகிறார். சமூக சமரச நிலையம் 1998 முதல் இருக்கிறது; சமூகப் பூசல் தீர்க்கும் நடுவர் மன்றம் 2015இல் வந்தது. ஆனால் நோய் முற்றியிருப்பவரை அங்கே உட்காரவைத்துப் பயனில்லை, முதலில் சிகிச்சை. அதுவரை என்ன நடக்கிறது என்பதை, நோயாளியின் அந்தரங்கத்தை வெளியிடாமல், புகார் கொடுத்தவருக்கு வாரம் ஒருமுறை சொல்லுங்கள்.