கறவைப் பசுவும் கோடை வெயிலும்

வால்பாறையில் படிக்கும் நமக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்? சித்திரை மாதத்து விடியற்காலையிலும் ஸ்வெட்டரைத் தேடுகிறவர்கள் அல்லவா நாம்! ஆனால் விடுமுறைக்குப் பேருந்தில் ஏறி, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் தலைசுற்றலோடு கடந்து, ஆழியாற்றில் இறங்கியதும் முகத்தில் அறையுமே ஓர் அனல், அதை மறக்க முடியுமா? அந்த அனலில்தான் பொள்ளாச்சிப் பக்கத்துக் கறவை மாடுகள் பகல் முழுவதும் நிற்கின்றன.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தேயிலைத் தோட்ட லயன்களிலிருந்து வருகிறவர்கள். மீதிப் பேர் சமவெளியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடந்த அன்று விடுதித் தோழி ஒருத்தி எழுந்தாள். அவள் வீட்டு ஜெர்சிக் கலப்புப் பசு முந்தைய ஈற்றில் நாளுக்கு 11 லிட்டர் கறந்ததாம். சென்ற வைகாசியில் கன்று ஈன்ற பிறகு 8 லிட்டரைத் தாண்டவே இல்லையாம். "மாட்டுக்குக் கண்ணு பட்டுப் போச்சு" என்று அவள் அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். பால் வாங்குகிறவரோ, மீதிப் பாலை வேறெங்கோ விற்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார். அந்தப் பால் பணத்தில்தான் தோழியின் விடுதிக் கட்டணம் கட்ட வேண்டும். "இதற்கும் சுரப்பிக்கும் சம்பந்தம் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள். "நீங்களே தேடிப் பார்த்து எழுதுங்கள்" என்று ஆசிரியை சொன்னதால் பிறந்ததே இக்கட்டுரை.

பசுவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். வெளியே வெயில் இல்லாவிட்டாலும் அதன் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. முதல் இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சோளத்தட்டையும் நொதிக்கச் செய்யும்போது வெப்பம் பிறக்கிறது. பால் உண்டாவதிலும் வெப்பம் பிறக்கிறது. ஆகவே அதிகம் கறக்கும் மாடே அதிகம் கொதிக்கிறது. நம்மைப் போல் தாராளமாக வியர்க்கவும் அதனால் முடியாது. மூச்சிரைத்து, எச்சில் வடிய நிற்கும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் சரியாகப் பயன்படாது.

அப்போது உடல் செய்யும் முதல் வேலை அடுப்பைத் தணிப்பது. மாடு தீனியைக் குறைத்துக்கொள்கிறது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தைராக்சினைக் குறைக்கிறது. உடல் இயக்கத்தின் வேகத்தைக் கூட்டுவது தைராக்சின். அது குறைந்தால் உள்ளே பிறக்கும் வெப்பம் குறையும், பாலும் குறையும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் முதலில் பெருகி, வெப்பம் நாட்கணக்கில் நீடித்தால் பின்பு தணிகிறது.

தீனி குறைந்தது, பால் குறைந்தது, கணக்குத் தீர்ந்தது என்றுதான் நாங்களும் எண்ணினோம். தீரவில்லை! அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தார் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெப்பத்தில் நின்ற பசுக்கள் எவ்வளவு தின்றனவோ, அதே அளவு தீனியைக் குளிர்ந்த இடத்தில் நின்ற பசுக்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் பால் குறைந்தது. ஆனால் வெப்பத்தில் நின்றவற்றுக்குக் குறைந்ததில் பாதிகூட இல்லை. மீதிக் குறைவுக்குத் தீனி காரணமன்று.

இங்கேதான் இன்சுலின் வருகிறது. தீனி குறைந்த உடலில் வழக்கமாக இன்சுலின் குறையும். சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்து உடலுக்கு எரிபொருளாகும். சர்க்கரை மடிக்கு மிச்சமாகும். வெயிலில் வாடும் பசுவிலோ, தீனி குறைந்தும் இன்சுலின் உயர்ந்தே நிற்கிறது. கொழுப்பு கரைவதில்லை. உடலே சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. அந்தச் சர்க்கரையிலிருந்துதான் மடி லாக்டோஸைச் செய்ய வேண்டும். லாக்டோஸ்தான் பாலுக்குள் நீரை இழுக்கிறது. லாக்டோஸ் குறைந்தால் பாலின் அளவே குறைந்துபோகும்.

எங்களை மிகவும் வியக்க வைத்தது புரோலாக்டின். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலிருந்து வரும் இது பால் சுரப்புக்கே பேர்போன ஹார்மோன். வெயிலில் இது குறையும் என்று நினைத்தோம். ஆனால் கூடுகிறது! கூடியும் பால் கூடாதது ஏன்? மணி ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் யார் அதைக் கவனிப்பார்கள்? அதுபோல, புரோலாக்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் இதைச் சினைப் பசுக்களின் இரத்த வெள்ளணுக்களில் கண்டார்கள். கறவை நின்ற கடைசி இரு மாதங்களில்தான் மடி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அப்போது வெப்பம் தாக்கினால் மடியில் புதிய செல்கள் பெருகுவது குறைகிறது. அவர்களது 2011ஆம் ஆண்டு ஆய்வில், அக்காலத்தில் நிழலோடு நீர்த்தெளிப்பும் மின்விசிறியும் பெற்ற பசுக்கள் ஈன்ற பின் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ பால் கூடுதலாகக் கொடுத்தன. வெப்பத்தில் நின்ற தாயின் வயிற்றிலிருந்த கன்றும் எடை குறைந்து பிறக்கிறது.

இதைப் படித்ததும் தோழி "ஐயோ!" என்றாள். கறக்கிற மாட்டுக்குத்தான் கொட்டகை என்று, சென்ற பங்குனி, சித்திரையில் கறவை நின்ற அந்தச் சினைப் பசுவை வெட்டவெளியில் ஒற்றைத் தென்னையில் கட்டியிருந்தார்கள். தென்னையின் நிழல் எந்நேரமும் நகர்ந்துகொண்டே இருக்குமே! பால் குறைந்தது வைகாசியில். காரணம் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

நம் காங்கேயம் மாடு இந்த வெயிலுக்கென்றே வளர்ந்த இனம். ஆனால் அது கறக்கும் சில லிட்டரில் விடுதிக் கட்டணம் கட்ட முடியாது. அதனால் கலப்பு மாட்டைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் லயன் மாடுகளுக்கோ வெயில் பயமில்லை, சிறுத்தைப் பயம்தான். பயந்த மாட்டில் அட்ரினலின் பெருகி, பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைத் தடுத்துவிடும். மடியில் பால் இருந்தும் இறங்காது.

தோழியின் பசு இப்போது மறுபடியும் சினை. வைகாசியில் ஈன வேண்டும். அவள் எழுதிய கடிதத்தைப் பார்த்து அவள் அப்பா தென்னங்கீற்று வேய்ந்து சாய்ப்பு ஒன்று போட்டுவிட்டார். நண்பகலில் ஈரச் சாக்கைப் போர்த்துவது, தீனியைப் பொழுது சாய்ந்த பின் வைப்பது, தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிறுத்துவது ஆகிய மூன்றும் தேர்வு முடிந்து மலையிறங்கும் தோழியின் பொறுப்பு. அப்பத்தா மட்டும் மிளகாயை எடுத்து வைத்திருக்கிறாராம். எத்தனை லிட்டர் என்பதை எங்களுக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.