கடலில் கரையாத ஜவ்வரிசி

(இரண்டாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை)



விஞ்ஞானம் மனிதனுக்குத் தந்த பொருள்களில் பிளாஸ்டிக்கைப் போல வீட்டுக்குள் புகுந்த பொருள் வேறு இல்லை எனலாம். 1907-ல் பேக்லண்ட் என்பவர் பேக்கலைட்டை உருவாக்கினார். 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பாலிஎத்திலீன் தற்செயலாகக் கிடைத்தது. இன்றைக்குக் குடம், வாளி, செருப்பு, பால் பாக்கெட், மீன் வலை என்று அது இல்லாத இடமே இல்லை. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. எந்தக் குணத்துக்காக இதை விரும்பி வாங்கினோமோ, அதே குணம்தான் கடலுக்குப் போனதும் வினையாகிறது. எப்படி என்பதை நம் பாடப்புத்தக அறிவை வைத்தே பார்ப்போம்.

மிதப்பது எது, மூழ்குவது எது?

கடல் தண்ணீரின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு சுமார் 1.025 கிராம். பாலிஎத்திலீன் 0.91 முதல் 0.97 வரை. பாலிப்ரொப்பிலீன் சுமார் 0.9. ஆகவே கேரி பேக்கும் பாட்டில் மூடியும் மிதக்கும். நைலான் சுமார் 1.14, தண்ணீர் பாட்டில் செய்யும் 'பெட்' சுமார் 1.38. மூடி போட்ட காலி பாட்டில் காற்று இருப்பதால் மிதக்கும். உடைந்துவிட்டால் அதன் சில்லு அடியில் போய்விடும்.

மிதப்பதும் எப்போதும் மிதந்துகொண்டே இருக்காது. அதன் மேல் பாசியும் சிறு சிப்பியும் ஒட்டி வளர, பாரம் கூடித் தாழ்ந்துவிடும். 1998-ல் பசிபிக் கடலின் மரியானா அகழியில், 10,898 மீட்டர் ஆழத்தில், ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது படமாகியுள்ளது. நாம் ஐந்து நிமிஷம் பிடித்திருந்து போடுகிற பை எங்கே போய்ச் சேருது பாருங்கள்!

உடைதல் வேறு, மக்குதல் வேறு

வாழையிலை மண்ணில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் உரமாகவும் மாற்றிவிடும். இதுதான் மக்குதல். பிளாஸ்டிக்கின் மூலக்கூறு மிக நீளமான சங்கிலி. அதைச் சீக்கிரம் கடித்து ஜீரணிக்க நுண்ணுயிர்களால் முடிவதில்லை.

அங்கே முதல் வேலையைச் செய்வது வெயில். சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் சங்கிலியின் கண்ணியை அறுக்கிறது. அறுந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. பொருள் வெளுத்து, மொறுமொறுப்பாகி, விரிசல் விடுகிறது. மொட்டைமாடியில் வருஷக்கணக்காகக் கிடந்த வாளியைத் தூக்கினால் விளிம்பு கையோடு வருமே, அதேதான். பிறகு அலையும் மணலும் அரைத்துப் பொடியாக்குகின்றன. சூடான கரையில் இது வேகமாக நடக்கும். வெயில் எட்டாத, குளிர்ந்த கடலடியில் மிக மெதுவாக நடக்கும். எவ்வளவு பொடியானாலும் ஒவ்வொரு துணுக்கும் பிளாஸ்டிக்தான்.

5 மி.மீ.க்குக் குறைந்த துணுக்குகளை மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்ப்சனும் அவர் குழுவினரும் 2004-ல் எழுதிய கட்டுரைதான் இந்தச் சொல்லை உலகறியச் செய்தது.

ஒரு சின்னக் கணக்கு

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 1 மி.மீ. பக்கமுள்ள துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 60 சதுர செ.மீ. எடை அதே எடை, பரப்பு மட்டும் பத்து மடங்கு! வெல்லக் கட்டியை விடப் பொடித்த வெல்லம் ஏன் சீக்கிரம் கரைகிறது என்றால் இதனால்தான். பிளாஸ்டிக் பொடியாவதால் வரும் கெடுதல்கள் பலவற்றுக்கும் இந்தப் பத்து மடங்குதான் வேர்.

கெடுதல்கள் என்னென்ன?

1. இரையாகிறது: முழுப் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஆமை விழுங்கும். பொடியானபின் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரியும் விழுங்கும். அதைச் சின்ன மீன் தின்னும், சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். வயிறு நிறையும், சத்து இராது.

2. விஷத்தைச் சேர்க்கிறது: பி.சி.பி. போன்ற எண்ணெய்த் தன்மையுள்ள நச்சுகள் தண்ணீரை விட்டு பிளாஸ்டிக்கில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜப்பான் கடற்கரையில் எடுத்த பிளாஸ்டிக் குருணைகளில், சுற்றியுள்ள கடல் நீரை விட ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரை நச்சு செறிந்திருந்ததை ஹிதேஷிகே தகாடா குழுவினர் 2001-ல் காட்டினார்கள்.

3. தன் சரக்கைக் கக்குகிறது: வளைந்து கொடுக்கவும், நிறம் வரவும், தீப்பிடிக்காமல் இருக்கவும் நாம் சேர்க்கிற ரசாயனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகின்றன.

4. வாயு விடுகிறது: வெயில் பட்ட பிளாஸ்டிக்கிலிருந்து மீத்தேன், எத்திலீன் வாயுக்கள் வருவதை 2018-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நமது கேரி பேக்கில் இருக்கும் குறை அடர்த்தி பாலிஎத்திலீன்தான் அதிகம் விட்டது. பொடியாக இருந்தால் இன்னும் அதிகம்.

மனுஷனையும் இது விடவில்லை. 2022-ல் நெதர்லாந்தில் 22 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 17 பேரிடம் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தது.

இரண்டு கப்பல்கள்

பிளாஸ்டிக் பொருள்களில் பெரும்பாலானவை முதலில் குருணையாகத்தான் பிறக்கின்றன. நாம் கிரானுல்ஸ் என்று சொல்வது. 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. அதில் சுமார் 1,680 டன் குருணை இருந்தது. இலங்கையின் மேற்குக் கரை பனி பெய்தது போல வெளுத்துக் கிடந்தது. செத்து ஒதுங்கிய ஆமைகள் நூற்றுக்கணக்கில். மீன்பிடிக்கத் தடை. நான்கு ஆண்டு கழித்து, 2025 ஜூலையில், 100 கோடி டாலர் நஷ்ட ஈடு தரும்படி இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னால், 2025 மே 25 அன்று, கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதிலிருந்த குருணை திருவனந்தபுரம் தாண்டி எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும் வந்தது.

எங்க அப்பா கரமடி இழுப்பவர். பள்ளிக்கூடம் போகாதவர். கையில் அள்ளி வந்து, "மக்கா, ஜவ்வரிசி மாதிரி கெடக்கே, இது என்னது?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "எங்க படிப்புல இதத்தான்பா உருக்கி சாமான் செய்யச் சொல்லித் தாறாங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த நாட்களில் மீன் வாங்க ஆள் குறைந்துபோனது. நெத்திலியும் சாளையும் நன்றாகத்தான் இருந்தன, பயம் விற்பனையைக் கெடுத்தது. இத்தனை நாள் எங்களுக்குச் சோறு போட்டது கடல். நாளைக்குச் சோறு போடப்போவது நான் படிக்கிற மெஷின். இரண்டும் எனக்கு வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

2010-ம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் டன்னிலிருந்து 127 லட்சம் டன் வரை இருக்கும் என ஒரு மதிப்பீடு சொல்கிறது. கப்பல் எப்போதோ ஒருமுறை மூழ்குகிறது. சாக்கடையோ தினமும் ஓடுகிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. கடைக்குப் பை கொண்டுபோவது எல்லோருக்கும் உள்ள கடமை.

நமக்கென்று தனிக் கடமையும் உண்டு. படித்து முடித்ததும் நம்மில் பலர் மோல்டிங் கம்பெனிகளில்தான் நிற்கப்போகிறோம். மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்காதீர்கள், கிழியும். ஹாப்பரில் கொட்டும்போது கீழே தட்டு வையுங்கள். சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் கூட்டி அள்ளுங்கள். சாக்கடை வாயில் கண் சிறிய கம்பி வலை போடச் சொல்லுங்கள். கழிவுத் துண்டை அரைத்துத் திரும்ப மெஷினுக்கே அனுப்புங்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. சூப்பர்வைசர் சிரித்தாலும் பரவாயில்லை, நாளைக்கு நாமே சூப்பர்வைசர் ஆவோம்.

பொடியான பிளாஸ்டிக்கைக் கடலிலிருந்து திரும்ப எடுக்கும் வலை எந்த மீனவரிடமும் இல்லை. முழுசாக இருக்கும்போதே, கரையில் இருக்கும்போதே பிடித்தாக வேண்டும். அந்த இடத்தில் நிற்கப்போவது நாம்தான், தோழர்களே!