செஞ்சி முதல் சீயமங்கலம் வரை: குடைவரை பார்த்து, பம்புசெட்டில் குளித்து வர ஒரு வழிகாட்டி

மெக்சிகோவின் யுகட்டான் பகுதிக்குச் செல்லும் பயணிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் மாயர்கள் விட்டுச்சென்ற கல் நகரங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். வெயில் ஏறியதும் செனோட்டே எனப்படும் இயற்கைப் பள்ளங்களின் தெளிந்த நீரில் நீந்தப் போவார்கள். அங்கே நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகையாக்கும். குகையின் கூரை இடிந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே தெரியும்.

செஞ்சிச் சீமையில் கருங்கல். மழையில் கரையாத பாறை. அதனால் இங்கே நீர் பாறை இடுக்குச் சுனைகளிலும், முன்னோர் கரை கட்டிய ஏரிகளிலும், உழவர்கள் வெட்டிய கிணறுகளிலும்தான் நிற்கிறது. ஆனாலும் காலையில் கல், உச்சிவேளையில் நீர் என்ற அந்த ஒழுங்கு இங்கேயும் அழகாகப் பொருந்தும். ஒரே ஒரு விதியை மட்டும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்: பழைய நீரைக் கண்ணால் பாருங்கள், பாயும் நீரில் குளியுங்கள். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது உத்தமம். ஏரிகள் நிரம்பியிருக்கும், கிணற்றில் நீர் மேலே நிற்கும், பாறையும் காலைச் சுடாது. ஏப்ரல், மே மாதங்களில் செஞ்சிப் பாறைகளில் பத்து மணிக்கு மேல் ஏறுவது உடம்பை வதைக்கும் வேலை. மழை பெய்துகொண்டிருக்கும் நாளிலும் வேண்டாம். பாசி படிந்த படிகள் வழுக்கும்.

தங்குவதற்குச் செஞ்சி நகரமே போதும். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. ரயிலில் வருபவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். கோட்டைக்கு ஆட்டோ கிடைக்கும். கிராமத்துக் குடைவரைகளுக்குச் சொந்த வண்டியோ, நாள் வாடகைக்குப் பேசிய வண்டியோ இருந்தால்தான் நேரம் கைக்குள் இருக்கும். நகரப் பேருந்தை மட்டும் நம்பினால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழியும்.

2. பையில் என்ன வைப்பது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, டார்ச் விளக்கு, தொப்பி, ஒரு துண்டு, மாற்று உடை. பெண்கள் குளித்துவிட்டு மறைவாக உடை மாற்ற ஒரு பெரிய லுங்கியோ பழைய புடவையோ வைத்துக்கொண்டால் எங்கேயும் சங்கடம் இல்லை. தின்பண்டங்களைப் பைக்குள் ஆழமாக வையுங்கள். கோட்டைக் குரங்குகள் கையில் தொங்கும் பாலித்தீன் பையைத்தான் முதலில் குறிவைக்கும்.

3. முதல் நாள் காலை: கோட்டை

வாயில் திறந்ததும் உள்ளே நுழையுங்கள். ராஜகிரிக் குன்றில் முதலில் ஏறிவிட வேண்டும். பிற்பகல் ஆகிவிட்டால் மேலே விடமாட்டார்கள். நிதானமாக ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம் வரும். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது. 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகைக்கு மராட்டிய மன்னர் ராஜாராமின் படை 1698 வரை எப்படித் தாக்குப்பிடித்தது என்பது அந்த இடத்தில் நின்றால் புரிந்துவிடும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

இறங்கி வந்ததும் கல்யாண மகால், நெற்களஞ்சியம், யானைக்குளம், வெங்கடரமணர் கோயில் ஆகியவற்றை நடந்தே பார்க்கலாம். இங்கே கண்ணைக் கட்டடத்தில் மட்டும் வைக்காதீர்கள். சக்கரக்குளம், செட்டிக்குளம், பாறைச் சுனைகள் என்று நீர் எங்கெல்லாம் தேக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியதில் மதிலுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தக் குளங்களுக்கும் உண்டு. தெம்பு மிச்சம் இருந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரியும் ஏறலாம். அது உயரம் குறைவு.

4. முதல் நாள் மாலை: திருநாதர்குன்று, சிங்கவரம், மேலச்சேரி

மூன்றும் செஞ்சிக்கு அருகிலேயே இருக்கின்றன. திருநாதர்குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்கு 12 பேராக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இங்கேதான் உள்ளது. சாய்வெயில் விழும்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரியும். அதனால் மாலை நாலு மணிக்கு மேல் இதற்கு ஒதுக்குங்கள்.

சிங்கவரத்தில் படியேறினால் பாறையிலேயே வடித்த பள்ளிகொண்ட அரங்கநாதர். மேலச்சேரியில் லிங்கமும் பாறையோடு சேர்த்தே செதுக்கப்பட்ட சிவன் குடைவரை. இரண்டும் வழிபாட்டில் உள்ள கோயில்கள். நண்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதை நினைவில் வைத்து நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்.

5. இரண்டாம் நாள்: சீயமங்கலம்

அரை நாள் முழுவதையும் இதற்கே கொடுங்கள். சீயமங்கலம் இப்போது திருவண்ணாமலை மாவட்டம், வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது. தேசூரை இலக்காக வைத்து விசாரித்துப் போங்கள்.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இது. அவனுடைய பட்டப்பெயர் ஒன்றால் அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயர். ஊரார் தூணாண்டார் கோயில் என்பார்கள். பிற்காலத்து மண்டபங்கள் முன்னால் சேர்ந்துவிட்டதால் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கோயில் போலவே தோன்றும். உள்ளே நடந்து போய்ப் பாறை முகப்பின் முன் நின்றால்தான் பல்லவர் வேலை தெரியும்.

பார்க்கும் முறை இது. முதலில் தூண். அடியிலும் மேலேயும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. இந்த அமைப்பைக் கண்டால் மகேந்திரன் காலத்து வேலை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடுத்து இரு ஓரங்களில் உள்ள வீரர்களும் வாயிற்காவலர்களும். கடைசியாக, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஓரத்து அரைத்தூண்களின் மேற்பகுதியைப் பாருங்கள். ஒன்றில் ஆடும் சிவன், மற்றொன்றில் காளையோடு நிற்கும் சிவன். கையளவுச் சிற்பங்கள்தான், அவசரப்படுபவர்கள் கவனிக்காமலே திரும்பிவிடுவார்கள். ஆனால் அந்த ஆடும் சிவன், தமிழகத்தில் கல்லில் கிடைத்த மிகப் பழைய ஆடவல்லான் வடிவங்களில் ஒன்று. பிற்காலத்துச் சோழர் செப்புத்திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு புதிய அறிமுகம்.

அதே ஊரில் சமணர் குன்றும் இருக்கிறது. பார்சுவநாதர், பாகுபலி புடைப்புச் சிற்பங்களும், கங்க மன்னன் இராசமல்லன் காலத்து, சக ஆண்டு 815 (பொ.ஆ. 892–93) கல்வெட்டும் அங்கே உண்டு. கோயிலோ குகையோ பூட்டியிருந்தால் சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம். தெருவில் பெரியவர் யாரையாவது பார்த்து, "ஐயா, கோயில் சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று கேட்டால் வழி பிறக்கும்.

6. திரும்பும் வழி: பனமலை, மண்டகப்பட்டு, தளவானூர்

விழுப்புரம் பக்கமாக ஊர் திரும்புபவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பனமலையில் ஏரியை ஒட்டிய குன்றின்மேல் இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அங்கே ஒரு சிற்றறைச் சுவரில் சிவன் ஆடுவதைக் கண்டு நிற்கும் உமையின் பல்லவர் ஓவியம் எஞ்சியிருக்கிறது. அதன்மேல் பிளாஷ் வெளிச்சமோ விரலோ படக்கூடாது.

மண்டகப்பட்டில் மூன்று கருவறைகள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இக்கோயிலை எடுத்ததாக மகேந்திரன் தன் கல்வெட்டில் பெருமையோடு சொல்கிறான். தளவானூர்ச் சத்துருமல்லேசுவரத்தில் முகப்புத் தூண்களுக்கு மேலே உள்ள மகர தோரணத்தைப் பாருங்கள். மகேந்திரன் குடைவரைகளில் இது தனித்து நிற்பது.

7. எங்கே குளிப்பது

உச்சி வெயிலுக்கு இந்தச் சீமை தரும் பரிசு பம்புசெட்டு. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் (நிலக்கடலை) விளையும் நிலங்களுக்கு நடுவே, சிமென்டுத் தொட்டியில் குழாய் வழியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். சேறு இல்லை, ஆழம் இல்லை, தண்ணீர் நிற்பதும் இல்லை. நீச்சல் தெரியாதவரும் குழந்தையும்கூடப் பயமின்றி உட்காரலாம்.

முதலில் அனுமதி. நிலத்தில் இருப்பவரிடம், "அண்ணே, தொட்டியில கொஞ்சம் குளிச்சிக்கலாமா?" என்று கேளுங்கள், பெண் என்றால் அக்கா, அம்மா. ஆள் இல்லாத தொட்டியில் இறங்காதீர்கள். மோட்டார் ஓடாவிட்டால் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் அவர்கள் நீர் பாய்ச்ச முடியும். உங்கள் குளியலுக்காக அவர்கள் பாய்ச்சல் முறை மாறக்கூடாது.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். அந்த நீர் நேராகப் பயிருக்குப் போகிறது. யுகட்டானிலும் உடம்பில் பூசிய சன்ஸ்கிரீனைக் கழுவிய பிறகுதான் பல செனோட்டேகளில் இறங்க விடுகிறார்கள். மோட்டார் பெட்டி, ஸ்டார்ட்டர், தரையில் கிடக்கும் ஒயர் ஆகியவற்றை ஈரக்கையோடு தொடவே கூடாது. வரப்பில் நடங்கள், நாற்றை மிதிக்காதீர்கள். காசு நீட்டினால் பலர் சங்கடப்படுவார்கள். அவர்களிடமே காயோ மல்லாட்டையோ விலைக்கு வாங்கிக்கொள்வது நல்லது.

பெரிய பாசனக் கிணறுகளைக் கண்டால் நீச்சல் தெரிந்தவர்களுக்கு ஆசை வரும். ஊர்ப் பிள்ளைகள் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகியது இவற்றில்தான். ஆனால் கிணற்றுக்காரரின் சம்மதம், ஏறிவர உறுதியான படி, மோட்டார் நிறுத்தப்பட்டிருப்பது, மேலே கயிற்றோடு ஒருவர் காவல் ஆகிய நான்கும் இருந்தால்தான் இறங்கலாம். மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கக் கூடாது. நீருக்கடியில் பாறை எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது கிணற்றுக்காரருக்குத்தான் தெரியும்.

8. எங்கே இறங்கக்கூடாது

கோட்டைக் குளங்களிலும் மலைச் சுனைகளிலும் கால்கூட வைக்காதீர்கள். அவை நினைவுச்சின்னத்தின் பகுதி. கோயில் குளங்கள் ஊர் வழிபாட்டுக்கு உரியவை. ஏரி கரையிலிருந்து பார்க்க அமைதியாகத் தெரியும். ஆனால் வண்டல் அள்ளிய பள்ளம் நீருக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது, மதகருகே நீர் உள்ளே இழுக்கும். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளோ செங்குத்தாக இறங்குபவை. பிடித்து ஏற இடமே இருக்காது. பச்சை நிறத் தெளிவைப் பார்த்து ஏமாறாமல் அவற்றை அறவே ஒதுக்குங்கள்.

கல்லுக்கும் இதே ஒழுக்கம்தான். கல்வெட்டில் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், பேர் எழுதாதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. பாறைச் சரிவில் தேனடை தொங்கினால் சத்தம், புகை இல்லாமல் விலகிப் போங்கள்.

மாமல்லபுரத்துக்கு ஆண்டு முழுவதும் கூட்டம் போகிறது. மகேந்திரன் கல்லில் முதலில் கைவைத்த இந்தக் கிராமங்களுக்கு வருபவர் சிலரே. அடுத்த பொங்கல் விடுமுறையில் பிள்ளைகளோடு ஒரு முறை இந்தப் பக்கம் வாருங்கள். சீயமங்கலத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.